எங்கள் மலைக்கும் ஒரு டிக்கெட் போடுங்கள்

2024 அக்டோபர் 24 அன்று தமிழக அரசு ஒரு பட்டியல் வெளியிட்டது. தமிழ்நாடு மலையேற்றத் திட்டம் என்று பேர். 14 மாவட்டங்கள், 40 தடங்கள். துணை முதலமைச்சர் தொடங்கிவைத்தார். வனத்துறையும் அதன் வன அனுபவக் கழகமும் நடத்துகின்றன. இணையத்தில் பணம் கட்டிவிட்டு வந்தால் காட்டுக்குள் கூட்டிப்போய்ப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்து விடுவார்கள். நீலகிரி உண்டு, கோவை உண்டு, தேனி உண்டு. பக்கத்துச் சேலம் உண்டு. ஏலகிரியைக் காட்டித் திருப்பத்தூரும் உள்ளே போய்விட்டது. இந்தத் திருப்பத்தூர் யார்? 2019 நவம்பரில் எங்கள் கள்ளக்குறிச்சிக்கு இரண்டு நாள் கழித்துப் பிறந்த மாவட்டம். தம்பிக்குத் தலைவாழை இலை, அண்ணனுக்குப் பந்தியில் இடமில்லை. கள்ளக்குறிச்சி பட்டியலில் இல்லை.

ரோஷம் வருமா வராதா?

மலை இல்லாத ஊரா எங்கள் ஊர்? கிழக்குத் தொடர்ச்சி மலையில் ஆயிரம் சதுர கிலோமீட்டருக்குமேல் பரந்து கிடக்கிறது கல்வராயன். சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என்று இரண்டு தட்டு. இரண்டாயிரம் அடியில் தொடங்கி நாலாயிரம் அடியை எட்டிப்பிடிக்கும் உயரம். கோமுகியும் மணிமுத்தாவும் அங்கிருந்துதான் இறங்குகின்றன. மேகம், பெரியார், கவ்வியம் என்று அருவிக்கும் பஞ்சமில்லை. கடுக்காய் உண்டு, புளி உண்டு, தேன் உண்டு, சாமை உண்டு. மரவள்ளிக்குச் சொல்லவே வேண்டாம். தடம் இருக்கிறதா என்று கேட்பீர்கள். ஐயா, தடத்தைப் பற்றி மட்டும் எங்களிடம் சந்தேகம் கேட்காதீர்கள். மலையில் எத்தனையோ குக்கிராமங்களில் தடத்தைத் தவிர வேறு எதுவும் கிடையாது.

நான் அடிவாரத்துக்காரன். மலையில் பிறந்தவனில்லை. ஆனாலும் மாவட்டப் பாசத்தில் இந்த விண்ணப்பத்தை எழுதுகிறேன். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுக்கலாம்தான். அங்கே ஏற்கெனவே சாலை கேட்டு, பாலம் கேட்டு, செவிலியர் கேட்டு வந்த மனுக்கள் வரிசையில் நிற்கின்றன. அவற்றுக்கு இடைஞ்சலாக இருக்க வேண்டாம்.

உங்கள் திட்டத்தில் தடங்களை எளிது, மிதமானது, கடினம் என்று மூன்றாகத் தரம் பிரித்திருக்கிறீர்கள். எங்களிடமும் மூன்று சரக்கும் இருக்கிறது. எளிது என்றால் ரேஷன் கடைக்குப் போய்வருவது. போகும்போது வெறுங்கை, வரும்போது தலையில் அரிசி மூட்டை. இறங்கும்போது இயற்கையை ரசிக்கலாம், ஏறும்போது மூச்சு வாங்குவதால் ரசனை கொஞ்சம் குறையும். மிதமானது பள்ளிக்கூடம். ஓடையைத் தாண்ட வேண்டும். மழைக்காலத்தில் ஓடை தாண்டவிடாது, அந்த நாட்களில் படிப்பு இல்லை. சாகச விரும்பிகள் எட்டு வயதுப் பிள்ளையின் புத்தகப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு ஒருமுறை நடந்து பார்க்கலாம். பையை மட்டும் தூக்குங்கள். பிள்ளைக்கு இருக்கும் பசியையும் சேர்த்துத் தூக்கச் சொன்னால் நீங்கள் பணத்தைத் திருப்பிக் கேட்பீர்கள்.

மூன்றாவதுதான் எங்கள் பெருமை. கடினம். இந்தத் தடத்துக்கு நீங்கள் தேதி குறித்துப் பதிவு செய்ய முடியாது. தேதியை வயிற்றுப் பிள்ளை குறிக்கும், அல்லது கட்டுவிரியன் குறிக்கும். பெரும்பாலும் ராத்திரி. முதலில் ஒருவன் சிக்னல் கிடைக்கும் பாறைக்கு ஓட வேண்டும். 108 வரும், வராமல் இல்லை. அந்த வண்டிக்காரர்களைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் வண்டி தார் முடியும் இடத்தில் நின்றுவிடும். டயர் பறக்காது. அதுவரை ஆளைக் கொண்டுவருவது ஊர் வேலை. மூங்கில் கழியில் போர்வையைக் கட்டினால் டோலி. தூக்க இரண்டு பேர், தோள் மாற்ற இரண்டு பேர், டார்ச் பிடித்து முன்னால் போக ஒருவன், பின்னால் தண்ணீர்க் குடத்தோடு மாமியார்க்காரி. வளைவில் டோலி சாயும். சாயும்போது உள்ளே இருப்பவள் கத்துவாள். கத்தல் நின்றால் தூக்குபவர்களுக்குக் கால் ஓடாது. ஏன் நின்றது என்று திரும்பிப் பார்க்க ஒருவனுக்கும் தைரியம் இருக்காது.

உங்கள் 40 தடங்களில் இப்படி ஓர் அனுபவத்தைத் தரும் தடம் ஒன்று உண்டா, சொல்லுங்கள் பார்ப்போம்.

இத்தனையும் தாண்டிக் கீழே வந்தால் ஆஸ்பத்திரி பிரமாதம். சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி. 2022 ஜனவரி 12 அன்று பிரதமர் ஒரே நாளில் திறந்துவைத்த 11 கல்லூரிகளில் ஒன்று. டோலிக்கும் வார்டுக்கும் நடுவே உள்ள மண்பாதையைத் திறந்துவைக்கத்தான் இன்னும் யாருக்கும் நேரம் அமையவில்லை. மண்பாதையில் கல்வெட்டு நட இடம் பார்ப்பது சிரமம் என்பதும் நியாயம்தான்.

இது கல்வராயனுக்கு மட்டுமே வாய்த்த பாக்கியம் என்று மார்தட்ட முடியாது. 2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அணைக்கட்டுப் பக்கம் அல்லேரி மலையில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் குழந்தை இறந்தது. உடலை ஏற்றிவந்த வண்டி சாலை முடிந்த இடத்தில் இறக்கிவிட்டது. தாய் பிணத்தைக் கையில் ஏந்திக்கொண்டு கிலோமீட்டர் கணக்கில் மலையேறினாள். அது எந்தத் தரம்? எளிதா, மிதமா, கடினமா? வழிகாட்டி இருந்தாரா? முதலுதவிப் பெட்டி இருந்ததா? குழந்தையின் இறப்புச் சான்றிதழில் பாம்புக் கடி என்று இருக்கும். சாலையின்மை என்று ஒரு நோய் மருத்துவப் புத்தகத்தில் இல்லை, அதனால் அந்த நோயில் செத்தவர்களின் கணக்கும் அரசிடம் இல்லை.

கணக்கு வைப்பதில் அரசுக்கு எப்போதுமே ஒரு முறை உண்டு. 2018 மார்ச் 11 அன்று தேனி குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேற்றம் போனவர்கள் 23 பேர் உயிரிழந்தார்கள். பெருங்கொடுமை. படித்த, வேலை பார்க்கிற, நகரத்துப் பிள்ளைகள். அவர்களுக்காக அழாதவன் மனிதனில்லை. அந்த ஆண்டே மலையேற்ற ஒழுங்குமுறை விதிகள் வந்தன. அனுமதி வாங்கு, வழிகாட்டி இல்லாமல் போகாதே, தீக்காலத்தில் காட்டுக்குள் காலை வைக்காதே. நல்ல விதிகள்தான். பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை இப்போது தடங்களை மூடிவிடுகிறார்கள். அந்தப் பாதுகாப்பைத்தான் நாங்களும் கேட்கிறோம். கல்வராயன் மலைப் பெண்களுக்குப் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை பிரசவ வலி வரக் கூடாது என்று ஓர் அரசாணை போட்டுவிடுங்கள். பாம்புகளுக்கு நகல் அனுப்புங்கள்.

தவறாக நினைக்க வேண்டாம், மலையேற்றத்தின் மேல் எனக்குக் காழ்ப்பில்லை. வழிகாட்டிகளாக உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்களை எடுத்துப் பயிற்சி கொடுத்துச் சம்பளமும் கொடுக்கிறார்கள், அது நல்ல காரியம். வாரம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து முதுகு போனவர்கள் ஞாயிற்றுக்கிழமை நாலு மைல் நடந்தால் நாட்டுக்கு என்ன நஷ்டம்? இங்கிலாந்தில் 1932 ஏப்ரலில் மான்செஸ்டர் பக்கத்து ஆலைத் தொழிலாளிகள், கிண்டர் ஸ்கவுட் என்ற மேட்டில் நடக்கும் உரிமைக்காகப் பெரும்பண்ணைக்காரர்களின் காவலாட்களை மீறி ஏறினார்கள். சிலர் சிறைக்குப் போனார்கள். மலையில் நடப்பது உரிமை என்று சண்டை போட்டு வாங்கிய ஊர் அது. எங்கள் மலையிலோ நடக்காமல் இருக்கும் உரிமைக்குத்தான் மனுப் போட வேண்டியிருக்கிறது. காசு உள்ளவனுக்கு நடை விற்பனைக்கு, காசு இல்லாதவனுக்கு நடை தண்டனைக்கு. இரண்டையும் நிர்வகிப்பது ஒரே அரசு, பெரும்பாலும் ஒரே துறை.

அந்தத் துறையிடம் சாலை கேட்டால் வரும் பதில் எல்லோருக்கும் மனப்பாடம். காப்புக்காடு. மரம் வெட்ட முடியாது. மேலிடத்து அனுமதி வேண்டும். கேட்கிறவன் படிக்காதவன் என்று நினைத்துச் சொல்லும் பதில் இது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தில் 3(2) என்று ஒரு பிரிவு இருக்கிறது. பள்ளி, மருத்துவமனை, அங்கன்வாடி, ரேஷன் கடை, மின்கம்பி, குடிநீர் என்று 13 வசதிகளுக்குக் காட்டு நிலத்தை எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. பட்டியலில் சாலையும் இருக்கிறது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஹெக்டேருக்குள், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மிகாமல், கிராம சபை பரிந்துரையோடு. அவ்வளவுதான் நிபந்தனை. ஒத்துப்போனால் மாவட்ட வன அலுவலர் மட்டத்திலேயே முடிந்துவிடும், கோப்பு டெல்லிக்கு மலையேறத் தேவையில்லை. ஒரு ஹெக்டேர் என்றால் ஏதோ வீட்டு மனை என்று எண்ண வேண்டாம். மூன்றே முக்கால் மீட்டர் அகலத்தில் சாலை போட்டால் இரண்டரை கிலோமீட்டர் தாண்டி ஓடும். எத்தனை டோலிகளின் கதை அந்த இரண்டரைக்குள் முடிந்திருக்கும்!

ஆனால் இந்தச் சட்டத்துக்குத் தமிழ்நாட்டில் நேர்ந்த கதி தனி. 2008இல் உயர் நீதிமன்றம் போட்ட ஒரு தடையால் இங்கே பட்டா கொடுக்கும் வேலை முடங்கியது. 2016இல்தான் உச்ச நீதிமன்றம் அதை விலக்கியது. எட்டு வருஷம் சட்டமே டோலியில் கிடந்தது. அதற்குப் பிறகும் எழுந்து நடக்கிற வேகத்தைப் பார்த்தால், தூக்கிக்கொண்டு போகிறவர்கள் வேண்டுமென்றே மெதுவாகப் போகிறார்களோ என்று தோன்றுகிறது.

சரி, காடு தடை, மத்திய அரசின் கிராமச் சாலைத் திட்டம் கைகொடுக்குமா? அது தலையை எண்ணும். சமவெளியில் 500 தலை வேண்டும். ஐந்தாம் அட்டவணைப் பழங்குடிப் பகுதி என்றால் 250 போதும். தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி என்று ஓர் அங்குலம்கூட அறிவிக்கப்படவில்லை. பழங்குடிகள் இருக்கிறார்கள், பழங்குடிப் பகுதி இல்லை. 2023இல் வந்த ஜன்மன் திட்டம் 100 தலைக்கே சாலை தருகிறது. ஆனால் அது மிகவும் நலிந்த பழங்குடிக் குழுக்களுக்கு மட்டும். தமிழ்நாட்டில் அப்படி ஆறு குழுக்கள், தோடர் முதல் காட்டுநாயக்கர் வரை. கல்வராயனில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் அந்த ஆறில் இல்லை. போதுமான அளவுக்கு நலியவில்லை என்று பொருள். 150க்கு மேற்பட்ட குக்கிராமங்களாகச் சிதறி வாழ்கிறவர்கள் அரசின் வசதிக்காக ஒரே இடத்தில் கூடி, வேகமாகப் பிள்ளை பெற்று, ஐந்நூறு தலையைக் காட்ட வேண்டும். பெறுவதற்கு ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வழியில்லை.

இதற்கு நடுவிலும் ஒரு துறை தவறாமல் எங்கள் தடங்களில் நடக்கிறது. மதுவிலக்குப் போலீஸ். காலைப் பத்திரிகையில் கல்வராயன் மலை என்ற பெயர் வந்தால் கூடவே “சாராய ஊறல் அழிப்பு” என்று வரும். ஓடை ஓரம், பாறை இடுக்கு, பிளாஸ்டிக் பேரல், இத்தனை லிட்டர். தமிழ்நாட்டின் மிகச் சிறந்த மலையேற்ற வீரர்கள் அவர்கள்தான், பதக்கம் கொடுக்கலாம். எந்த ஓடை எங்கே வளைகிறது என்று அவர்களுக்குத் தெரியும். ஊறல் இருக்கும் இடத்துக்கு அரசு போய்ச் சேருகிறது, ஊர் இருக்கும் இடத்துக்குத்தான் போக முடியவில்லை. லாரி டியூபில் சரக்கைக் கட்டி ராத்திரியில் இறக்குபவனை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் மரவள்ளிக் கிழங்கை நல்ல விலைக்கு இறக்க ஒரு சாலை, சாராயத்தை இறக்க ஒற்றையடிப் பாதை என்று இரண்டு வழி இருந்தால்தானே அவன் தப்பான வழியில் போனான் என்று சொல்ல முடியும்?

2024 ஜூனில் கருணாபுரம் வந்தது. கள்ளக்குறிச்சி நகரத்தின் நடுவில், காவல் நிலையத்துக்குக் கூப்பிடு தூரத்தில், ஏழைகள் மெத்தனால் கலந்த சாராயம் குடித்துச் செத்தார்கள். 65க்கும் மேற்பட்ட பிணங்கள். மெத்தனால் ஆலைச் சரக்கு. மலையில் எந்தப் பானையிலும் ஊறாது, ஏற்றிக்கொண்டு வர நல்ல தார்ச் சாலை வேண்டும். ஆனாலும் ஒரு வாரத்துக்குள் எல்லாக் கேமராவும் மலைப்பக்கம் திரும்பிவிட்டன. “சாராய மலை” என்று பேர் வைத்தார்கள். சமவெளியின் குற்றத்தைச் சுமக்கவும் மலைக்காரன் முதுகுதான் வாகாக இருக்கிறது போலிருக்கிறது.

ஒன்று மட்டும் நடந்தது. அந்தச் சாவுகளின் வெளிச்சத்தில் மலை தெரிந்தது. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தாமாகவே வழக்கெடுத்தது. இந்த மக்களுக்கு அடிப்படை வசதி என்ன இருக்கிறது என்று கேட்டது. முதலமைச்சரே நேரில் போய்ப் பார்த்தால் நன்றாக இருக்கும் என்றும் சொன்னது. ஓர் அரசிடம் அதன் மக்களைப் போய்ப் பார் என்று நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது என்பதில் யாருக்கும் கூச்சம் வந்ததாகத் தெரியவில்லை. 1976 வரை இந்த மலை மூன்று ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. சுதந்திரம் தரையில் 29 வருஷம் ஓடி முடித்த பிறகுதான் மலையேறியது. அதுவும் நடந்தே வந்திருக்கும், அதனால்தான் தாமதம். ஜாகீர்தார் போய் அரை நூற்றாண்டு ஆகிறது. அவர்களைக் குறை சொல்லிக் காலம் தள்ளும் வசதியும் இப்போது தீர்ந்துவிட்டது.

பிழைப்பு இல்லாததால் ஆட்கள் மலையைவிட்டு வெளியே போகிறார்கள். கேரளத்துக்கு, கர்நாடகத்துக் காப்பித் தோட்டங்களுக்கு. சிலரைச் செம்மரம் வெட்டப் புரோக்கர் கூட்டிப்போகிறான். அந்தத் தடமும் மலைத்தடம்தான், திரும்பி வருவது உறுதியில்லை. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் தமிழர் 20 பேரைச் சுட்டுக் கொன்றது. 2018 பிப்ரவரியில் கடப்பா மாவட்டம் ஒண்டிமிட்டா ஏரியில் ஐந்து உடல்கள் மிதந்தன. ஐவரும் கல்வராயன் மலையின் சேலம் பக்கம், கருமந்துறைப் பகுதியைச் சேர்ந்தவர்கள். இவர்களைவிட மரத்தையும் பாறையையும் அறிந்த வழிகாட்டி உங்களுக்கு எங்கே கிடைப்பான்?

சாலையே இல்லாவிட்டாலும் ஓட்டு மட்டும் வழி தவறுவதில்லை. தருமபுரி கோட்டூர் மலைக்கு வாக்குப்பதிவு இயந்திரம் கழுதை முதுகில் போயிருக்கிறது. நாமக்கல் போதமலைக்கு அலுவலர்கள் தலையில் சுமந்தே ஏறினார்கள். படத்தோடு செய்தி வரும், ஜனநாயகத்தின் வெற்றி என்று தலைப்பு வரும். இயந்திரத்துக்குக் கழுதை ஏற்பாடு செய்த அரசு கர்ப்பிணிக்கு அதைக்கூடச் செய்யவில்லை என்று ஒருவனும் தலைப்புப் போடமாட்டான். கல்வராயனில் வெள்ளிமலைக்குத் தார்ச் சாலை இருக்கிறது, பஸ் போகிறது. கரியாலூரில் படகு விடுகிறார்கள், கோடை விழா நடத்தியிருக்கிறார்கள். மந்திரிகள் காரில் வந்து பூக்காட்சியைப் பார்த்துவிட்டுக் காரிலேயே இறங்கலாம். அந்தச் சாலையிலிருந்து கிளை பிரியும் மண்பாதையில் கார் திரும்பாது. அங்கேதான் எங்கள் தடங்கள் ஆரம்பிக்கின்றன.

ஆகவே ஐயா, எங்களையும் பட்டியலில் சேருங்கள். தடம் என்று ஆகிவிட்டால் வழிகாட்டிப் பலகை வரும். முதலுதவிப் பெட்டி வரும். போனவன் திரும்பினானா என்று பார்க்க ஒரு பதிவேடு வரும். எவனாவது ஒரு நகரத்துக்காரன் கால் சுளுக்கி விழுந்தால், மறுநாளே மந்திரி வருவார், மறுவாரமே ஜல்லி வரும். டோலியில் கிடந்த பெண்கள் இத்தனை வருஷம் கத்தி வராத ஜல்லி அது.

டிக்கெட் போட மனம் வரவில்லையென்றால் அதுவும் சரி, வேறு வழி சொல்கிறேன். கல்வராயன்மலை ஒன்றியத்தின் 15 ஊராட்சிகளிலும் கிராம சபையைக் கூட்டி, சாலை இல்லாத ஒவ்வொரு குக்கிராமத்துக்கும் 3(2) பிரிவின் கீழ் தீர்மானம் வாங்குங்கள். ஏற்கெனவே போட்ட தீர்மானம் இருந்தால் எந்த மேசையில் கிடக்கிறது என்று தேடுங்கள். மாவட்ட வன அலுவலர் கையெழுத்துப் போடட்டும், மாவட்ட ஆட்சியர் பணம் ஒதுக்கட்டும். அடுத்த மழைக்கு முன்னால் தாரை ஊற்றுங்கள்.